மாடியில் ஒரு தாம்பாளம்

மார்ச் 4, செவ்வாய்

பெரிய பேத்தி பிளாவியா அயர்லாந்தில் நர்ஸ். போய் இரண்டாம் வருஷத்திலேயே ஒரு வார்டு முழுவதும் அவள் பொறுப்பு. அவள் தம்பி அன்சல்ம் சி.ஏ. எழுதி முதல் தடவையிலேயே பாஸ். மகள் வழியில் ரெஜினா ஹாக்கி ஆடுகிறாள். கோப்பையைப் பிடித்துக்கொண்டு நிற்கும் படத்தில் பல் எல்லாம் தெரியும். அவள் தம்பி பத்தாம் வகுப்பில் கணக்கில் நூற்றுக்கு நூறு. தமிழில் கொஞ்சம் குறைவு, அது வாத்தியார் சரியில்லாததால். ஜெரோசின், நான் வளர்த்த பேரன், கப்பலில் மூன்றாம் இன்ஜினியர். ஐந்து பேர் போட்டோவும் முன்னறைச் சுவரில் வரிசையாக இருக்கிறது. அஞ்சாம் வகுப்போடு நின்றவளின் பேரப்பிள்ளைகள் என்று சொன்னால் யாரும் நம்பமாட்டார்கள்.

ஜெரோசின் மனைவி தில்லைநாயகி. கும்பகோணத்துப் பக்கம். ஓவியக் கல்லூரியில் படித்தவள். கல்யாணம் ரிஜிஸ்டர் ஆபீசில். போட்டோ சுவரில் இல்லை. சுவரில் இடமும் இல்லை.

ஜனவரியில் அவளை இங்கே கொண்டுவந்து விட்டுவிட்டு அவன் கப்பலேறினான். "ஆச்சி, தினம் எழுதி வையி. வந்து வாசிக்கேன்" என்று உப்புக் கம்பெனி டைரியைக் கையில் கொடுத்தான். அதனால் எழுதுகிறேன். இன்று எழுத ஒன்று இருக்கிறது. சாம்பலுக்காகக் கோவிலில் கொடுக்க, போன வருஷத்துக் குருத்தோலைச் சிலுவைகளைப் படங்களுக்குப் பின்னாலிருந்து இறக்கி எண்ணி வைத்தேன், ஐந்து. கோவில் வேலை பார்க்கும் கோவில்பிள்ளை கையில் கொடுக்கும்போது நாலு.

மார்ச் 5, சாம்பல் புதன்

நெற்றியில் சாம்பலோடு வந்தேன். தில்லை பார்த்துக்கொண்டே இருந்தாள்.

"என்ன பாட்டி அது?"

"போன வருஷக் குருத்தோலையை எரிச்சு, அந்தச் சாம்பல்ல சிலுவை போடுவாங்க. இன்னைக்குத் தபசு காலம் ஆரம்பம். நாப்பது நாள்."

"நாற்பது நாளா" என்று கேட்டுவிட்டு விரலை மடக்கினாள். எதற்கு எண்ணினாள் என்று தெரியவில்லை. குருத்தோலை ஒன்று குறைந்ததைப் பற்றி நான் கேட்கவில்லை. தானாகச் சொல்கிறாளா என்று பார்த்தேன். சொல்லவில்லை.

மார்ச் 7, வெள்ளி

துணி காயப்போட மாடிக்குப் போனேன். அவள் அறைக் கதவு திறந்திருந்தது. மேசைமேல் என் பித்தளைத் தாம்பாளம். என் கல்யாணத்தில் வந்தது. போன வாரம் இரவல் கேட்டாள், பழம் வைக்க என்று நினைத்துக் கொடுத்தேன். அதில் இருந்தவற்றை அப்படியே எழுதுகிறேன். குருத்தோலைச் சிலுவை. ஒரு எலுமிச்சம்பழம். இரண்டாகப் பிளந்த மாதுளை. செவ்வாய்க்கிழமை நான் ஆய்ந்த நீலக்கால் நண்டின் ஓடும் ஒரு காலும். வாடின பிச்சிப்பூ ஒரு முழம். செத்த தட்டான்பூச்சி ஒன்று.

"என்னளா இது?"

"வரையறதுக்கு, பாட்டி."

"இது அழுகிப் போகுமே."

"அழுகணும். அழுகறதத்தான் வரையறேன். நாற்பது நாளும் நோட்டுல குறிச்சுக்கிட்டு, அப்புறம் பெருசா ஒரே படம். ஏப்ரல் இருபத்திரெண்டாம் தேதி பாண்டிச்சேரில குடுக்கணும். கண்காட்சிக்குப் பத்தே பத்து பேர எடுத்திருக்காங்க. படிச்சு முடிச்சு மூணு வருஷத்துல எனக்கு இதுதான் முதல் இடம். இத விட்டா அவ்வளவுதான் பாட்டி."

"குருத்தோலை?"

"கேக்கணும்னுதான் இருந்தேன். நீங்க வேகமா கோவிலுக்குப் போயிட்டீங்க."

படம் வரைகிறவள் மயில் வரைவாள், மாதா வரைவாள். அழுகலை யார் வரைவார்? அதை எந்த ஊரில் சுவரில் மாட்டுவார்கள்? பதில் தயாராக வைத்திருந்தாள், அதுதான் எனக்குப் பிடிக்கவில்லை.

மார்ச் 9, ஞாயிறு

பூசை முடிந்து பெர்பெத்துவோடு நடந்து வந்தேன். பக்கத்து வீட்டுக்காரி, எனக்குச் சின்ன வயதிலிருந்தே கூட்டு. தாம்பாளத்தைச் சொன்னேன். நடுத்தெருவில் நின்றுவிட்டாள்.

"ஏ செலஸ்தீனு, எலுமிச்சம்பழத்தோட நண்டு ஓடா? செத்த தட்டானா? எங்க மச்சினனுக்கு வினை வச்சப்ப வாசல்ல இப்படித்தான் கெடந்துது. மூணாம் மாசம் வள்ளம் கவுந்துது."

"உன் மச்சினன் குடிச்சிட்டுக் கவுத்தான்."

"குடிச்சான். ஏன் குடிச்சான்? அதச் சொல்லு."

என் கையைப் பிடித்து ஓரமாக இழுத்தாள்.

"ஒம் பேரன் தண்ணி மேல நிக்கான். வீட்டுக்குள்ள ஒருத்தி நாப்பது நாள் கணக்கு வச்சு எலுமிச்சம்பழத்த அழுக வைக்கா. நீ என்ன செய்யி, தேதி போட்டு எழுது. எத வைக்கா, எத எடுக்கா, எது எப்படி மாறுதுன்னு ஒண்ணு விடாம. நாளைக்குக் கோவில் சாமியார்ட்ட போனா சாட்சி வேணும்லா."

அது சரி என்று பட்டது. இன்றிலிருந்து எழுதுகிறேன். எலுமிச்சம்பழம்: மஞ்சள்தான், காம்புப் பக்கம் விரல் நுனி அளவுக்கு மங்கல். மாதுளை: முத்துக்கள் இன்னும் பளபளப்பு. நண்டுக்கால்: நீலம்.

மார்ச் 11, செவ்வாய்

எலுமிச்சம்பழத்தில் அந்த மங்கல் இப்போது தவிட்டு நிறம், தொடாமலே மெதுவாக இருப்பது தெரிகிறது. பிச்சிப்பூ வெற்றிலைக் கறை நிறம். மாதுளையில் எறும்பு, மேசைக்காலிலிருந்து ஒரே வரிசை. எறும்பை அவள் விரட்டவில்லை. எறும்பையும் வரைகிறாள்.

மார்ச் 12, புதன்

பழத்தில் பஞ்சு பூத்தது. வெள்ளை. காலையில் மிளகு அளவு, சாயங்காலம் புளியங்கொட்டை அளவு.

மார்ச் 14, வெள்ளி

வெள்ளைக்கு நடுவில் பச்சை வந்துவிட்டது. மாவு தூவினது போல. ஓரத்தில் வெள்ளைக் கரை, அதற்கு வெளியே மஞ்சள். அந்தப் பச்சையை எங்கேயோ பார்த்திருக்கிறேன் என்று அடுப்பில் சோறு கொதிக்கும்வரை யோசித்தேன். நம் கோவில் சவேரியார் சொரூபத்தில், அங்கியின் உள்மடிப்பு. அதே பச்சை. நண்டுக்காலின் நீலம் மாதாவின் மேலாடை நீலம். முட்டியில் மட்டும் வெளுத்து, நகம் கடித்த விரல்போல ரோஸ்.

பூஞ்சையைப் புனிதரோடு சேர்த்து எழுதியது பாவம். ஆனால் சாட்சி சரியாக இருக்க வேண்டும் என்பதால் அடிக்கவில்லை.

மார்ச் 15, சனி

இன்று நாலு தடவை மாடி ஏறினேன். முட்டி வலி. காவல் காக்க வேறு ஆள் யார் இருக்கிறார்கள்? காலை ஏழு மணிக்குக் கிழக்கு ஜன்னல் வெளிச்சம் நேராகத் தாம்பாளத்தில் விழுகிறது. அப்போது பார்த்தால்தான் மாதுளை முத்துக்களில் எது சுருங்கியது, எது சுருங்கவில்லை என்று தெரியும். இனி ஏழு மணிக்கே போகவேண்டும்.

மார்ச் 17, திங்கள்

அவளைச் சோதிக்க ஒன்று செய்தேன். என் வீட்டுக்காரர் சங்கு குளித்த காலத்தில், புழு அரித்த சங்கைக் கம்பெனியில் கழித்துப் போடுவார்கள். அதையெல்லாம் அவர் வீட்டுக்குக் கொண்டுவந்து கொல்லையில் போடுவார். அதில் ஒன்றை எடுத்துக் கழுவி, மாடிப்படியில் மூன்றாம் படியில் வைத்தேன். கெட்ட காரியம் செய்கிறவள் சங்கைத் தொடமாட்டாள் என்று பெர்பெத்து சொன்னாள்.

மார்ச் 18, செவ்வாய்

தொட்டாள். தாம்பாளத்தில் வைத்திருக்கிறாள், அதுவும் புழு அரித்த பக்கம் வெளியே தெரியும்படி.

"இது நீங்க வச்சதா பாட்டி?"

"கெடந்திருக்கும்."

"இந்த ஓட்டையெல்லாம் யாரு போட்டது?"

"புழு. கழிச்சுப் போட்ட சங்கு அது. ஒண்ணுக்கும் ஆவாது."

"இங்க வந்து, குனிஞ்சு பாருங்க."

குனிந்தேன். ஓட்டை வழியாக வெளிச்சம் உள்ளே போய், சங்கின் உள்வயிறு குழந்தை உள்ளங்கைபோல இருந்தது. இந்த வீட்டில் ஐம்பது வருஷமாகச் சங்கு கிடக்கிறது. நான் குனிந்து பார்த்ததில்லை.

அடுப்பில் பால் இருக்கிறது என்று சொல்லிவிட்டு இறங்கிவிட்டேன். பால் இல்லை. பெர்பெத்துவிடம், "தொட்டாள்" என்று மட்டும் சொன்னேன். "அப்போ பலமானவ" என்றாள்.

மார்ச் 22, சனி

ஜெரோசின் பேசினான். பெர்பெத்து சொன்னதை மறைத்து, தாம்பாளத்தை மட்டும் சொன்னேன். சிரித்தான். "அவ கண்ணுக்கு அதுல என்னமோ தெரியும் ஆச்சி. எனக்கும் ஒண்ணும் வெளங்காது. ஆனா அவ வரைஞ்சு காட்டுன பெறவு எனக்கும் தெரியும்" என்றான். இவன் இப்படிப் பேசுகிறவன் இல்லை. மீன் குழம்பு ருசியாக இருந்தது என்று சொல்லக்கூட வாய் வராது இவனுக்கு. யார் பேச வைக்கிறார்கள்?

எலுமிச்சம்பழம் முழுதும் பச்சை. ஒரு பக்கம் உள்வாங்கி, பல்லில்லாத கன்னம்போல. மாதுளைத் தோல் மரக்கட்டை மாதிரி, முத்துக்கள் காய்ந்த ரத்தக்கட்டு நிறம். தட்டான் மட்டும் மாறவில்லை. இறக்கை இன்னும் கண்ணாடி.

மார்ச் 27, வியாழன்

அவள் குளிக்கும் நேரத்தில் நோட்டைத் திறந்தேன். திறந்தது தப்பு. ஆனால் திறந்திருக்காவிட்டால் தெரிந்திருக்காது. முதல் பக்கத்தில் கட்டம். எட்டுக்கு ஐந்து. ஒவ்வொரு கட்டத்திலும் ஒரு நிறம், கீழே ஒரு எண், பக்கத்தில் ஒன்றிரண்டு எழுத்து. நிரம்பின கட்டம் இருபத்திரண்டு. மற்றவை காலி.

எந்திரத் தகடு இப்படித்தான் இருக்கும். சின்ன வயதில் தெருவில் ஒருத்தி வீட்டு வாசலைத் தோண்டி எடுத்ததை நான் கண்ணால் பார்த்திருக்கிறேன். அதிலும் கட்டம், கட்டத்துக்குள் எண்.

நோட்டை வைத்த மாதிரியே வைத்தேன்.

மார்ச் 30, ஞாயிறு

இரண்டு நாள் காய்ச்சல். டைரி எழுதவில்லை, மாடிக்கும் போகவில்லை. தில்லை கஞ்சி வைத்து, தொட்டுக்கொள்ள சுட்ட அப்பளமும் கொண்டுவந்தாள். சிலுவை போட்டுவிட்டுக் குடித்தேன். அவள் பார்த்துக்கொண்டிருந்தாள். நல்ல கஞ்சி. உப்பு அளவாக இருந்தது.

எலுமிச்சம்பழம் என்ன ஆச்சு என்று வாய்தவறிக் கேட்டுவிட்டேன். "சுருங்கிடுச்சு பாட்டி, நாளைக்கு வந்து பாருங்க" என்றாள். சந்தோஷமாகச் சொன்னாள். அவளுக்கு என்ன சந்தோஷம் அதில்?

ஏப்ரல் 2, புதன்

பழம் இப்போது கழற்சிக்காய் அளவு, கோலிக்குண்டுபோல. சாம்பல் கலந்த பச்சை, ஆங்காங்கே கறுப்பு. பச்சை மாவு உதிர்ந்து தாம்பாளத்தில் அதைச் சுற்றி வட்டமாக விழுந்திருக்கிறது, அந்த வட்டத்துக்குள் எறும்பு வரவில்லை. நண்டுக்காலில் நீலம் போய் காவி. பிச்சிப்பூ தொட்டால் பொடி.

ஜெரோசினிடமிருந்து ஐந்து நாளாகப் போன் இல்லை. "கப்பல்ல நெட் வேலை செய்யாதுன்னு முன்னாடியே சொன்னாரே பாட்டி" என்கிறாள். என்னிடம் சொல்லவில்லையே.

ஏப்ரல் 4, வெள்ளி

போன் இல்லை. ஏழு நாள்.

காலை ஏழு மணிக்கு மாடிக்குப் போனேன். தாம்பாளத்துக்கு அடியில் துணி விரித்திருந்தாள். நீலக் கட்டம் போட்ட சட்டை. அவன் கிளம்பின அன்று வீட்டில் கழற்றிப் போட்ட சட்டை. நான் துவைக்கக் கேட்டபோது, "அப்புறம் தரேன்" என்று சொல்லி எடுத்து வைத்துக்கொண்டாள். அந்தச் சட்டையின் மேல் அழுகின எலுமிச்சம்பழம்.

பெர்பெத்துவைக் கூப்பிட்டுக் காட்டினேன். அறை வாசல் தாண்டி உள்ளே வரமாட்டேன் என்று நின்றாள். "உடுத்துன துணி. இனி என்ன சாட்சி வேணும் ஒனக்கு?" என்றாள்.

ஏப்ரல் 5, சனி

தில்லை வர்ணம் வாங்கத் திருநெல்வேலிக்குப் பஸ் ஏறினாள். "இன்னும் எட்டுக் கட்டம்தான் பாட்டி" என்று சொல்லிவிட்டுப் போனாள்.

அவள் தெருமுனை திரும்பினதும் மேலே போனேன். சட்டையோடு சேர்த்து எல்லாவற்றையும் மூட்டையாகக் கட்டினேன். நோட்டையும் எடுத்தேன். கொல்லையில் வைத்து, கோவிலில் மந்திரித்த எண்ணெய் ஊற்றி, உப்பும் மிளகாய் வற்றலும் போட்டுக் கொளுத்தினேன். பெர்பெத்து மதில்மேல் கை வைத்துக்கொண்டு ஜெபமாலை சொன்னாள். நோட்டு சீக்கிரம் எரியவில்லை. ஒவ்வொரு தாளாகப் புரண்டு எரிந்தது. ஒரு தாளில் என் சங்கு இருந்தது, ஓட்டை ஓட்டையாக, உள்ளே ரோஸ் நிறத்தோடு. அது புரளும்வரை பார்த்துக்கொண்டு நின்றேன். பிடித்து எடுத்திருக்கலாம்.

சாம்பலைக் கடலில் விட வேண்டும். தனியாகப் போகக்கூடாதாம், திங்கட்கிழமை பெர்பெத்துவும் வருகிறாள். பிஸ்கட் டின்னில் போட்டுக் கிணற்றடியில் வைத்தேன். தாம்பாளத்தைப் புளி போட்டுத் தேய்த்தேன்.

தில்லை ஆறு மணிக்கு வந்தாள். மேலே போனாள். கீழே வந்தாள். நான் சொன்னேன். மறைக்கவில்லை. எதற்காகச் செய்தேன் என்றும் சொன்னேன். சண்டை போடுவாள் என்று இருந்தேன். படியில் உட்கார்ந்துவிட்டாள்.

"சட்டையுமா?"

"சட்டையும்தான்."

"அதுல அவர் வாசனை போயிடுச்சு பாட்டி. நிறமாவது படத்துல இருக்கட்டும்னுதான் விரிச்சேன்."

ஏப்ரல் 6, ஞாயிறு

பூசைக்குக் கிளம்பும்போது போன். ஜெரோசின். கப்பலில் நெட் பெட்டி பழுது, எட்டு நாளாக யாருக்கும் பேச முடியவில்லை, அப்படி ஆகலாம் என்று தில்லையிடம் முன்பே சொன்னேனே என்றான். நல்ல சுகம். இரண்டு கிலோ கூடியிருக்கிறானாம்.

எரித்ததால்தான் போன் வந்தது என்று பெர்பெத்து சொல்கிறாள். எரித்ததற்கு முன்னாலேயே அவன் சுகமாகத்தானே இருந்திருக்கிறான் என்று கேட்டேன். "ஒனக்கு இப்பம் எதுக்குக் கணக்கு" என்றாள்.

ஏப்ரல் 7, திங்கள்

தில்லை சாப்பிடவில்லை. வரமுடியாது என்று பாண்டிச்சேரிக்கு எழுதப்போகிறாள். போனில் எடுத்த படம் இல்லையா என்று கேட்டேன். நாலைந்தை எடுத்துக் காட்டினாள். எல்லாம் ஒரே தவிட்டு நிறம். சவேரியார் பச்சை எங்கேயும் இல்லை.

"போன்ல அப்படித்தான் வரும் பாட்டி. அதுக்குத்தான் தினமும் நிறத்தைக் கலந்து கட்டத்துல போட்டு, எண் போட்டு வச்சேன். அது இல்லாம நான் கற்பனையா வரையணும். கற்பனையா வரையறதுன்னா எதுக்கு முப்பது நாள் ஒக்காந்து பாத்தேன்?"

அந்தக் கட்டம் அதுதான். எந்த நாளில் எந்த நிறம் என்பது.

பெர்பெத்து டின்னைக் கேட்டு வந்தாள். முட்டி வலி, இன்றைக்கு வேண்டாம் என்றேன்.

ஏப்ரல் 8, செவ்வாய்

காலை ஏழு மணிக்குப் பழக்கத்தில் மாடி ஏறிவிட்டேன். வெளிச்சம் வெறும் மேசைமேல் விழுந்தது. கீழே வந்து இந்த டைரியைப் புரட்டினேன். மார்ச் ஒன்பதிலிருந்து ஏறக்குறைய எல்லாம் இருக்கிறது, எழுதாத நாளும் கண்ணில் நிற்கிறது. பழம், பூ, நண்டு, எறும்பு. அதே தாளில், அதே வரிக்குப் பக்கத்தில், அவளைப் பற்றி நான் எழுதினதும் இருக்கிறது. பேரனுக்கு என்று எழுதியது. அவனும் இதைப் படிக்கப்போகிறான் என்பதே இப்போதுதான் உறைக்கிறது.

பழத்தை மட்டும் வேறு தாளில் எழுதிக் கொடுக்கலாம் என்று உட்கார்ந்தேன். கண் ஒத்துழைக்கவில்லை, இரண்டு நாளுக்கு மேல் எழுத முடியவில்லை. கடைசியில் டைரியை எடுத்துக்கொண்டு மேலே போனேன். பெட்டியில் துணி அடுக்கிக்கொண்டிருந்தாள்.

"ஏளா, நான் வாசிக்கேன். நீ எழுதிக்க."

வாசித்தேன். தவிட்டு நிறம், மிளகு அளவு, புளியங்கொட்டை அளவு. அவள் துணியைக் கீழே வைத்தாள். மூன்றாவது நாள் குறிப்பை வாசிக்கும்போது பென்சிலை எடுத்தாள். நான் பழத்தை வாசித்துவிட்டு மற்றதைத் தாண்டித் தாண்டிப் போனேன்.

"நடுவுல ஏன் பாட்டி நிறுத்தறீங்க?"

"எழுத்து தெளிவா இல்ல."

"பெர்பெத்து பாட்டி பேர் வந்துச்சு. அப்புறம் தாண்டிட்டீங்க. தாண்டாம வாசிங்க. நீங்க எந்த நேரத்துல பாத்தீங்க, எந்தப் பக்கமா நின்னீங்கன்னு எனக்குத் தெரியணும்."

தாண்டாமல் வாசித்தேன். படம் வரைகிறவள் மயில் வரைவாள் என்றதையும், யார் பேச வைக்கிறார்கள் என்றதையும், சிலுவை போட்டுவிட்டுக் கஞ்சி குடித்ததையும் வாசித்தேன். காது சுட்டது. பெரிய கோவிலில் எத்தனையோ தடவை சாமியாரிடம் பாவத்தைச் சொல்லிப் பாவசங்கீர்த்தனம் செய்திருக்கிறேன், அங்கே சன்னல் வலைக்கு அந்தப் பக்கம்தான் ஆள். இங்கே எதிரில்.

கஞ்சி வந்தபோது மட்டும் சிரித்தாள். "உப்பு அளவா இருந்துச்சுன்னு எழுதியிருக்கீங்க" என்றாள். மன்னித்தாளா தெரியாது. மத்தியானம் சாப்பிட்டாள்.

ஏப்ரல் 9, புதன்

கடைசி எட்டுக் கட்டத்துக்கு என்ன செய்வது என்று கேட்டேன்.

"சாம்பல் எங்க?"

நல்லவேளை, டின் கிணற்றடியிலேயே இருந்தது. தாம்பாளத்தில் கொட்டினாள். சங்கு எரியவில்லை, வெடித்து, பால் வெள்ளையாகி, ஓட்டைகளில் கரி அடைத்திருந்தது. எலுமிச்சம்பழம் ஒரு கறுப்பு உருண்டை. சட்டைப் பொத்தான் நாலு, உருகி ஒட்டிக்கொண்டு. அவள் மெதுவாக ஊதினாள். அடியில் சாம்பல் மூன்று நிறமாக இருந்தது. நோட்டுத் தாளின் சாம்பல் தட்டான் இறக்கைபோல மடிப்பு மடிப்பாக நின்றது. அதை நான்தான் முதலில் பார்த்துச் சொன்னேன்.

ஏப்ரல் 11, வெள்ளி

மார்ச் பதினாலாம் தேதிப் பச்சை அவளுக்கு வரவில்லை. ஆறு தடவை கலந்து காட்டினாள். "இது இல்ல. அது இன்னும் கொஞ்சம் பழசு" என்றேன்.

"எனக்கு அந்தச் சொரூபத்தையே காட்டுங்க."

கூட்டிக்கொண்டு போனேன். போன பிறகுதான் ஞாபகம் வந்தது, போன ஞாயிற்றுக்கிழமையே எல்லாச் சொரூபங்களையும் ஊதாத் துணியால் மூடியாயிற்று. ஆண்டவர் உயிர்க்கும் பாஸ்கா வரை திறக்கக்கூடாது. கோவில்பிள்ளையைத் தேடினேன், காணவில்லை. யாரும் இல்லை என்று நினைத்து, சவேரியாரிடம் மன்னிப்புக் கேட்டுக்கொண்டு, துணியை முழங்கால் வரை தூக்கிப் பிடித்தேன். தில்லை உட்கார்ந்து, கையிலிருந்த அட்டையில் நிறத்தைத் தொட்டுத் தொட்டுப் பார்த்தாள்.

"ஏ செலஸ்தீனு."

பின்னால் பெர்பெத்து, கையில் மெழுகுவர்த்தி.

"என்னளா செய்த? சவேரியார் துணியத் தூக்கிட்டு?"

"பூஞ்சை நெறம் பாக்குதோம்."

"ஒனக்கும் வச்சிட்டாளா?"

"ஆமா, வச்சிட்டா. கை வலிக்கி. வந்து இந்தப் பக்கம் பிடி."

முணுமுணுத்துக்கொண்டே வந்து பிடித்தாள். கொஞ்ச நேரம் கழித்து, "உள்மடிப்புல ஒரு மாதிரி பச்சை இருக்குலா, இம்புட்டு நாளா நான் பாக்கலியே" என்றாள்.

ஏப்ரல் 13, குருத்தோலை ஞாயிறு

அவள் கணக்கில் இன்று நாற்பதாம் நாள். புதுக் குருத்தோலை கொண்டுவந்து, சிலுவை முடைந்து, அவள் கேட்காமலே தாம்பாளத்தில் சாம்பல்மேல் வைத்தேன். நன்றாக இருந்தது. எனக்குப் பெருமையாகவும் இருந்தது.

எடுத்து என் கையில் கொடுத்துவிட்டாள். "இது வேண்டாம். இன்னும் காயல" என்றாள்.

கோபம் வந்தது. பிறகு பார்த்தேன். வேண்டாம்தான்.

ஏப்ரல் 18, பெரிய வெள்ளி

ஒருசந்தி, ஒரே வேளைச் சாப்பாடு. கஞ்சி மட்டும். தில்லையும் அதையே குடித்தாள். கதவைச் சாத்திக்கொண்டு வரைகிறாள், நாளுக்கு ஒரு கட்டமாக நாற்பதும் ஒரே படத்தில். நான் காய்ச்சலில் மாடி ஏறாமல் விட்ட இரண்டு நாளையும் தன் ஞாபகத்திலிருந்து வரையலாமே என்றேன். வேண்டாமாம், அந்த இரண்டு கட்டத்திலும் வெறும் தாம்பாளம் மட்டும் இருக்குமாம். "அன்னிக்கு நீங்க வரல" என்றாள்.

ஏப்ரல் 20, பாஸ்கா ஞாயிறு

ஜெரோசின், நீ கொச்சியில் இறங்கி நேராகப் பாண்டிச்சேரிக்குப் போகிறாய் என்று தில்லை சொன்னாள். மத்தியானம் அவளும் பஸ் ஏறிவிட்டாள். டைரி இங்கேயே இருக்கிறது. தாள் எதையும் கிழிக்கவில்லை. வந்து வாசி. திட்டுவதாக இருந்தால் சாப்பிட்ட பிறகு திட்டு. இந்தத் தாளை மட்டும் ஒரு தடவை பார்த்து எழுதிப் பாண்டிச்சேரிக்குத் தபாலில் போடுகிறேன்.

படத்தை நான் முழுதாகப் பார்க்கவில்லை. நேற்று ராத்திரி முடித்தாள், இன்று காலை வர்ணம் காய்வதற்குள் நான் பூசைக்குப் போய்விட்டேன். வரும்போது துணி சுற்றிக் கட்டியாயிற்று. பிரிக்கட்டுமா என்று கேட்டாள். பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது, வேண்டாம் என்றேன். என் அவசரத்தால் அவளுக்கு ஏற்கெனவே ஆன ஒரு நஷ்டம் போதும். ஒரு ஓரம் மட்டும் துணி விலகித் தெரிந்தது. மார்ச் பதினெட்டு. சங்கு. குனிந்து பார்க்கும் உயரத்தில் வரைந்திருக்கிறாள், என் உயரத்தில்.

அவளை வழியனுப்பிவிட்டு வந்து முன்னறைச் சுவரைப் பார்த்தேன். அன்சல்ம் போட்டோவையும் ரெஜினா போட்டோவையும் கொஞ்சம் நகர்த்தினால் நடுவில் இடம் வருகிறது. நகர்த்திவிட்டேன். இடம் இல்லை என்று முதல் நாள் எழுதினது பொய். பெர்பெத்துவைக் கூப்பிட்டு ஸ்டூலைப் பிடிக்கச் சொல்லி, ஆணியும் அடித்துவிட்டேன். கொஞ்சம் சாய்வாக இருக்கிறதாம், அவள் சொல்கிறாள்.

கண்காட்சியில் அவள் வரைந்த படத்துக்குப் பக்கத்தில் தில்லையை நிற்கவைத்து ஒரு போட்டோ எடு. போனில் அனுப்பாதே, போனில் பச்சை வராது. ஸ்டுடியோவில் கொடுத்து நல்ல தாளில் போட்டுத் தபாலில் அனுப்பு. சவேரியார் பச்சை சரியாக வந்திருக்கிறதா என்று பார்த்துவிட்டு அனுப்பு.